பத்தாம் திகதிப் பணம் எங்கிருந்து வருகிறது?

மாதத்தின் பத்தாம் திகதி நெருங்கினால் திருகோணமலை மாவட்டத்துக் கிண்ணியாவின் வங்கி வாசல்களில் வயதானவர்களின் கூட்டம் கூடும். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், அதிபர்கள், தபால் ஊழியர்கள், குடும்பநல மாதுக்கள், நீர்ப்பாசனத் திணைக்களத்தில் காலம் கழித்தவர்கள், கணவனின் பென்சனைப் பெறும் விதவைகள் என்று பலர். தன்னியக்க இயந்திரத்தில் அட்டையைப் போடப் பேரனைக் கூட்டிவருபவர்களும் உண்டு. எடுத்த காசின் முதல் பங்கு மருந்துக்கடைக்கு, அடுத்தது பலசரக்குக் கடையின் கடன் கொப்பிக்கு. வேளாண்மையும் மீன்பிடியும் வெளிநாட்டு உழைப்புமாக வாழும் இந்த ஊரில் வெள்ளம் வந்தாலும் வலையில் மீன் படாவிட்டாலும் தவறாமல் வருவது இந்தப் பணம்தான். கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லிவந்ததன் அடியில் இருப்பதும் சம்பளத்தைவிட இந்தப் பென்சன்தான்.

அந்தப் பணத்துக்கு ஒரு நிதியம் கிடையாது. இலங்கை அரச ஊழியரின் ஓய்வூதியம் 1901ஆம் ஆண்டின் ஓய்வூதியப் பிரமாணக் குறிப்பின்படி வழங்கப்படுகிறது. ஊழியர் அதற்காக எதையும் கட்டுவதில்லை, அரசும் அவர் பெயரில் எதையும் ஒதுக்கிவைப்பதில்லை. இந்த வருடம் கொடுக்க வேண்டிய பென்சன் இந்த வருடத்து வரியிலிருந்தும் கடனிலிருந்தும் போகிறது. வரி வருமானம் வளர்ந்து, வேலைசெய்வோர் தொகை ஓய்வுபெற்றோர் தொகையைவிடப் பன்மடங்கு இருந்த காலத்தில் இது பெரிய சிக்கலாகத் தெரியவில்லை. இன்று ஓய்வூதியம் பெறுவோர் தொகை ஏழு இலட்சம் அளவில் இருக்கிறது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டிலேயே நாட்டில் எட்டில் ஒருவர் அறுபது வயதைத் தாண்டியிருந்தார். அதன் பிறகு அந்தப் பங்கு வேகமாக ஏறியிருக்கிறது.

2022ஆம் ஆண்டின் கணக்கைப் பார்த்தால் நிலைமை விளங்கும். அந்த வருடம் அரசின் மொத்த வருமானம் 2 டிரில்லியன் ரூபாவுக்குச் சற்றுக் குறைவு. கடன் வட்டிக்கு மட்டும் 1.5 டிரில்லியனுக்கு மேல் போனது. சம்பளத்துக்கு 900 பில்லியனுக்கு மேல். ஓய்வூதியத்துக்கு 300 பில்லியனுக்கு மேல். இந்த மூன்றையும் கூட்டினால் வந்த வருமானம் முழுவதையும் விழுங்கிவிட்டு மேலும் பல நூறு பில்லியன் குறைகிறது. வைத்தியசாலைக்கு மருந்தும் பாடசாலைக்குக் கட்டடமும் வயலுக்கு உரமும் அதற்குப் பிறகுதான். பென்சன் நாட்டைக் கவிழ்த்தது என்று யாரும் இதைப் படிக்கக் கூடாது. 2019 கடைசியில் செய்த வரிக் குறைப்பால் தேசிய உற்பத்தியில் 8 சதவீதம் அளவுக்கு இறங்கிய வருமானமும் கட்டுக்கடங்காத கடனும்தான் அதன் முதற்காரணங்கள். ஆனால் ஒதுக்கிவைக்காமல் வாக்குறுதி கொடுத்த ஓர் அரசு பணமுடைக்குள் விழும்போது, குறையும் பணத்தை யார் தலையில் கட்டும் என்பதை அந்த வருடங்கள் தெளிவாகக் காட்டின. பேரம் பேசும் பலம் குறைந்தவர் தலையில்தான் அது விழுந்தது.

முதலில் அடித்தது விலைவாசி. 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசு அறிவித்தது. அதே வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டது. உணவுப் பொருட்களின் விலை ஒரு வருடத்தில் ஏறக்குறைய இரட்டித்திருந்தது. இலங்கை ஓய்வூதியம் விலைவாசியோடு தானாக ஏறுவதில்லை. சுற்றறிக்கை வந்தால்தான் ஏறும். 2022 ஜனவரியில் அரச ஊழியருக்கும் ஓய்வூதியருக்கும் 5,000 ரூபா மேலதிகப் படி கொடுத்தார்கள். மாதம் 40,000 ரூபா பெற்ற ஓய்வூதியர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அந்தப் படியோடு அவர் கைக்கு 45,000 வருகிறது. ஆனால் செப்டெம்பர் கடைகளில் அந்த 45,000, முந்திய வருடத்து 26,500 ரூபாவுக்குரிய சாமானைத்தான் வாங்கித் தந்தது. ஒரு சதம்கூட வெட்டப்படவில்லை, சட்டம் எதுவும் திருத்தப்படவில்லை. ஆயினும் அவருடைய பென்சனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காணாமல் போனது.

பணியில் இருப்பவருக்கும் ஓய்வுபெற்றவருக்கும் இடையே அரசு காட்டும் வேறுபாடும் இங்கே கவனிக்கத் தக்கது. நீண்ட காலம் ஊழியரின் வாழ்க்கைச் செலவுப் படி 7,800 ரூபாவாக இருந்தபோது ஓய்வூதியருக்கு 3,525 ரூபாதான். 2024இல் ஊழியரின் படி 10,000 ரூபாவால் உயர்ந்து 17,800 ஆனது. ஓய்வூதியருக்கு 2,500 கூட்டி 6,025 ஆக்கினார்கள். கடையில் அரிசி இருவருக்கும் ஒரே விலைதான். ஊழியர் வேலைநிறுத்தம் செய்தால் பாடசாலை மூடும், கந்தோர் முடங்கும். எழுபது வயதுக்காரர் எதை நிறுத்துவார்?

இதைவிட ஆழமான காயம் சம்பள முரண்பாடு என்று பென்சன்காரர்கள் சொல்லும் விஷயம். 2016ஆம் ஆண்டு 3ஆம் இலக்கப் பொது நிர்வாகச் சுற்றறிக்கை, அரச சேவையின் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளத்தை 11,730 ரூபாவிலிருந்து 2020க்குள் 24,250 ரூபாவாகப் படிப்படியாக உயர்த்தியது. படிகளை அடிப்படைச் சம்பளத்தோடு சேர்த்ததுதான் இந்த உயர்வின் பெரும் பகுதி. ஆனால் ஓய்வூதியம் அடிப்படைச் சம்பளத்தை வைத்துக் கணிக்கப்படுவது. ஆகவே ஒரே பாடசாலையில், ஒரே தரத்தில், ஒரே அளவு காலம் படிப்பித்த இருவரில் 2015 டிசெம்பரில் ஓய்வுபெற்றவரின் பென்சனும் 2020 ஜனவரியில் ஓய்வுபெற்றவரின் பென்சனும் மலையும் மடுவுமாக நின்றன. 2016க்கு முன் ஓய்வுபெற்றோருக்கு 2019 ஜூலையில் ஓரளவு திருத்தம் கிடைத்தது. 2016க்கும் 2020க்கும் இடையில் ஓய்வுபெற்றோருக்குத் தருவதாகச் சுற்றறிக்கை வந்து, ஆட்சி மாறியதும் நிறுத்தப்பட்டது. பிறந்த வருடம் சற்று முந்திவிட்டது என்பதைத் தவிர அவர்கள் செய்த குற்றம் எதுவுமில்லை. பல வருடப் போராட்டத்துக்குப் பிறகு, 2025 வரவு செலவுத் திட்டத்தில் அந்த முரண்பாட்டை 2025 ஜூலை தொடங்கி 2027 வரை மூன்று கட்டங்களாகத் தீர்ப்பதாக அறிவிக்கப்பட்டது. அதே வரவு செலவுத் திட்டம் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளத்தை 24,250இலிருந்து 40,000 ரூபாவாக்கியது. ஊழியருக்கு அது நியாயமான உயர்வுதான். ஆனால் 2020க்கும் 2024க்கும் இடையில் ஓய்வுபெற்றவர்கள் பழைய சம்பளத்தில் கணித்த பென்சனோடு நிற்கிறார்கள். பழைய பள்ளத்தை மூடும்போதே புதிய பள்ளம் வெட்டப்பட்டுவிட்டது.

ஓய்வுபெறும் நாளில் கிடைக்கும் பணிக்கொடையும் தப்பவில்லை. ஏறத்தாழ 24 மாத ஓய்வூதியத்துக்குச் சமமான அந்த மொத்தத் தொகையை நம்பித்தான் மகளின் திருமணமும் பாதியில் நிற்கும் வீட்டுக் கூரையும் ஹஜ் பயணமும் நாள் குறிக்கப்படுகின்றன. கிண்ணியாவில் வீடு கொடுத்துப் பெண்ணைக் கட்டிக்கொடுக்கும் வழக்கம் இருப்பதால் தாய் தகப்பனின் பணிக்கொடை அநேகமாகச் சீமெந்தும் கல்லுமாகத்தான் மாறும். 2022க்கான வரவு செலவுத் திட்டம் ஓய்வு வயதை 65 ஆக்கியது. சில மாதங்களில் அந்த முடிவு புரண்டது. 2022 ஓகஸ்ட் இடைக்கால வரவு செலவுத் திட்டத்தின்படி வயது மீண்டும் 60 ஆனது. அந்த வயதைத் தாண்டியிருந்த பல்லாயிரக்கணக்கானோர் டிசெம்பர் 31ஆம் திகதி ஒரே நாளில் வீட்டுக்குப் போனார்கள். சம்பளச் செலவு குறைந்தது உண்மை. ஆனால் அத்தனை பேருக்குமான பணிக்கொடையும் ஓய்வூதியமும் ஒரே நேரத்தில் திறைசேரியின் வாசலில் வந்து நின்றன. ஒதுக்கிய நிதி இருந்திருந்தால் அது வெறும் கணக்குப் பதிவாக முடிந்திருக்கும். இல்லாதபடியால் 2023இல் பணிக்கொடைக் கொடுப்பனவுகள் மாதக்கணக்கில் தள்ளிப்போயின. குறித்து வைத்த நாட்களும் கூடவே தள்ளிப்போயின.

விதவைகள், அநாதைகள் ஓய்வூதியத் திட்டம் இதில் தனிக் கதை. 1898ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தோடு தொடங்கியது அது. மனைவியை இழந்த ஆண்களுக்கான ஏற்பாடு 1983ஆம் ஆண்டு 24ஆம் இலக்கச் சட்டத்தில் வந்தது. இதற்கு மட்டும் ஊழியரின் சம்பளத்தில் 7 சதவீதம் வரை மாதாமாதம் கழிக்கிறார்கள். கழித்த பணம் குவிந்து வளரும் நிதியமாக இல்லை. அரசின் வரியல்லாத வருமானங்களில் ஒன்றாகக் கணக்கில் ஏறிச் செலவாகிறது. கொடுப்பனவும் திறைசேரியிலிருந்தே போகிறது. தன் குடும்பத்துக்காகச் சேமிப்பதாக நினைத்து முப்பது வருடம் பணம் கட்டிய ஆசிரியை, உண்மையில் அந்தந்த வருடத்தின் பற்றாக்குறையைத் தாங்கிப் பிடித்திருக்கிறார். இதை அவருக்கு யாரும் சொல்வதில்லை.

நிதியம் வைத்திருந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? கிண்ணியாவின் வயல்காரரையும் கடற்றொழிலாளியையும் கேட்டால் அதுவும் போதாது என்பது தெரியும். 1987ஆம் ஆண்டு 12ஆம் இலக்கச் சட்டம் விவசாயிகளுக்கு ஓய்வூதியத் திட்டத்தைக் கொண்டுவந்தது. 1990இல் கடற்றொழிலாளருக்கும் அதே மாதிரியான சட்டம் வந்தது. இரண்டும் தவணைப் பணம் கட்டிச் சேரும் திட்டங்கள். பல இலட்சம் விவசாயிகள் நாடெங்கும் சேர்ந்தார்கள். கட்டும் தவணையோ மிகச் சிறியது. கொடுப்பதாகச் சொன்ன மாத ஓய்வூதியம் ஆயிரம் ரூபாவில் தொடங்கியது. சேர்ந்தவர்களின் வயதையும் ஆயுளையும் வட்டியையும் வைத்து அந்தத் தவணை போதுமா என்று பார்த்துக் காலத்துக்குக் காலம் திருத்தியிருக்க வேண்டும். அது நடக்கவில்லை. ஓய்வூதியம் பெறுவோர் கூடக் கூட நிதியம் வற்றியது. 2012 தொடக்கத்தில் விவசாய ஓய்வூதியம் நின்றேபோனது. 2014இல் திறைசேரிப் பணத்தை ஊற்றித்தான் அதை மீண்டும் தொடங்கினார்கள்.

நின்ற அந்த இரண்டு வருடத்தில் அரசாங்கம் ஆட்டம் காணவில்லை. அரச ஊழியரின் பென்சன் ஒரு மாதம் நின்றிருந்தால் அரசாங்கமே ஆடியிருக்கும். சூரங்கலிலோ கண்டல்காட்டிலோ வயல் செய்து முதுமையடைந்த ஒருவரின் ஆயிரம் ரூபா நின்றபோது அவர் மகனிடம் கையேந்தினார், அல்லது மறுபடியும் வரம்பில் இறங்கினார். இந்த இரண்டு பேருக்கும் அரசு சட்டம் போட்டுத்தான் வாக்குக் கொடுத்தது. எந்த வாக்கு கனமானது என்பதைத் தீர்மானித்தது சட்டமல்ல, யார் பின்னால் எவ்வளவு பேர் திரண்டு நிற்க முடியும் என்பதுதான்.

மூன்றாவது வகையினர் ஊழியர் சேமலாப நிதியை நம்பியிருப்பவர்கள். திருகோணமலையின் மாவாலையிலும் சீமெந்துத் தொழிற்சாலையிலும் கடைகளிலும் தனியார் நிறுவனங்களிலும் உழைப்போருக்குப் பென்சன் இல்லை. 1958ஆம் ஆண்டு 15ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியர் 8 சதவீதம், முதலாளி 12 சதவீதம் என்று கட்டிவரும் சேமலாப நிதிதான் அவர்களின் முதுமை. இது உண்மையிலேயே பணம் உள்ள நிதியம். நாட்டிலேயே மிகப் பெரியது. ஆனால் அதன் மிகப் பெரும் பகுதி அரசின் திறைசேரி முறிகளில்தான் கிடக்கிறது, அதாவது அரசுக்கே கடனாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது. 2023 ஜூலை முதலாம் திகதி நாடாளுமன்றம் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பை அங்கீகரித்தபோது வங்கிகள் கையிலிருந்த முறிகள் விலக்கப்பட்டன. சேமலாப நிதியோ தன் பழைய முறிகளைக் கொடுத்து, 2026 வரை 12 சதவீதமும் பிறகு 9 சதவீதமும் வட்டி தரும் புதிய முறிகளை வாங்க வேண்டியிருந்தது. மறுத்தால் அதன் வருமானத்தின் மீது 14 சதவீதத்துக்குப் பதில் 30 சதவீத வரி. வங்கிகள் விழுந்தால் நாடே விழும் என்று அரசு காரணம் சொன்னது, அதில் உண்மையும் இருந்தது. ஆனால் சுமையைச் சுமந்தது தையல் தொழிற்சாலைப் பெண்ணின் இருபது வருடச் சேமிப்பு. 2022க்கு அந்த நிதி தன் உறுப்பினருக்குக் கொடுத்த வட்டி 9 சதவீதம். அந்த வருடத்தின் சராசரிப் பணவீக்கம் 46 சதவீதத்தைத் தாண்டியிருந்தது.

சுகாதாரத்துக்கு வருவோம். முதுமையில் பென்சனை அரிப்பது நோய். இலங்கையில் அரச வைத்தியசாலை இலவசம் என்பதால், ஓய்வுபெற்றவரின் மருத்துவச் செலவு அமெரிக்காவைப் போலத் தனிக் கணக்காகத் தோன்றுவதில்லை. அது வேறு விதமாகத் தோன்றும். சுனாமியில் அழிந்த பழைய வைத்தியசாலைக்குப் பிறகு எழுந்த கிண்ணியா தள வைத்தியசாலையின் மாதாந்தக் கிளினிக்குக்குப் போகும் ஒருவரின் கையில் ஒரு கொப்பி இருக்கும். சீனி, பிரஷர், கொலஸ்ட்ரோல் என்று மூன்று நான்கு குளிசைகள் அதில் எழுதியிருக்கும். மருந்தகத்தில் இருப்பதைக் கொடுப்பார்கள். இல்லாததை வெளியில் வாங்கச் சொல்லித் துண்டு எழுதுவார்கள். 2022இல் அந்தத் துண்டுகள் பெருகின. மார்ச்சில் மருந்து விலைகள் 29 சதவீதத்தால் ஏற அரசு அனுமதித்தது. ஏப்ரல் கடைசியில் 60 வகை மருந்துகளுக்கு மேலும் 40 சதவீதம். மாதக் குளிசையை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுக்கொண்டால் பணம் மிச்சம்தான், சிறுநீரகமும் இதயமும் அதற்கான கணக்கைப் பிறகு காட்டும். 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் கிண்ணியாப் பாலம் திறந்தபின் திருகோணமலை பொது வைத்தியசாலைக்குப் போவது எளிதாகிவிட்டது. ஆனால் சிறப்புச் சிகிச்சைக்குக் கண்டிக்கோ கொழும்புக்கோ அனுப்பினால் வாகனக் கூலியும் துணைக்குப் போகிறவரின் சாப்பாடும் அந்த மாதத்துப் பென்சனை முடித்துவிடும்.

அரச ஊழியருக்கு 1997இலிருந்து அக்ரஹார என்னும் காப்புறுதி உண்டு. பணியில் இருக்கும்வரை அதில் இருந்தவர், நோய் வருகிற வயதில் வெளியே விடப்பட்டார். 2016 ஜனவரிக்குப் பின் ஓய்வுபெற்றவர்களிலிருந்துதான் ஓய்வூதியருக்கு அந்தக் கதவு திறக்கத் தொடங்கியது. காப்புறுதி தேவைப்படும் வயதில் உள்ளவரைச் சேர்க்கச் செலவு அதிகம் என்பது யாருக்கும் தெரியும். அந்தச் செலவை ஊழியர் முப்பது வயதில் இருந்தபோதே அவருடைய சந்தாவில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்திருக்கலாம்.

வெளிநாடுகளில் இதே கதை எப்படி முடிந்தது என்று பார்ப்பது பயனுள்ளது. 2013 ஜூலையில் வங்குரோத்து மனுச் செய்த அமெரிக்காவின் டெற்றோயிற் நகரசபை தன் பொது ஊழியர்களின் ஓய்வூதியத்தில் 4.5 சதவீதத்தை வெட்டி, வருடாந்த விலைவாசி உயர்வையும் நிறுத்தியது. அதைவிடப் பெரிய வெட்டு ஓய்வுபெற்றோரின் மருத்துவக் காப்புறுதிக்கு. பென்சனைவிட மருத்துவ உதவிக்குச் சட்டப் பாதுகாப்புக் குறைவு, அதனால் அதிலேயே கத்தி ஆழமாக இறங்கியது. றோட் ஐலண்டின் சென்ரல் ஃபோல்ஸ் என்ற சிறு நகரத்தில் 2011இல் சிலருடைய பென்சன் பாதிக்கும் மேல் போனது. இந்தியா வேறு வழியில் போனது. தமிழ்நாடு 2003 ஏப்ரலிலும் மத்திய அரசு 2004 ஜனவரியிலும் புதிதாகச் சேர்வோரைப் பங்களிப்புத் திட்டத்துக்கு மாற்றின. சந்தையை நம்பிய அந்தத் திட்டத்தில் கடைசியில் என்ன கிடைக்கும் என்ற உறுதி இல்லை. இருபது வருட எதிர்ப்புக்குப் பிறகு, 25 வருடம் பணிசெய்தவருக்குக் கடைசி 12 மாதச் சராசரி அடிப்படைச் சம்பளத்தில் பாதியை உறுதிசெய்யும் திட்டத்தை மத்திய அரசு 2025 ஏப்ரலில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஊழியரும் கட்டுகிறார், அரசும் கட்டுகிறது, குறைந்தபட்ச உறுதியும் இருக்கிறது. குறைகள் உண்டு. ஆனால் பேச வேண்டிய திசை இதுதான்.

இலங்கையும் இதை இருமுறை தொட்டுப் பார்த்துக் கைவிட்டது. 2003 முதல் புதியவர்களுக்குப் பங்களிப்பு ஓய்வூதியம் என்று அறிவித்தார்கள், அடுத்த அரசு அதை நீக்கியது. 2016 முதல் சேர்வோரின் நியமனக் கடிதத்தில் ஓய்வூதியம் பிற்பாடு எடுக்கப்படும் கொள்கை முடிவுக்கு உட்பட்டது என்ற நிபந்தனை வந்தது. அதுவும் எதிர்ப்பில் கரைந்தது. எதிர்த்த தொழிற்சங்கங்களைக் குறைசொல்ல முடியாது. சேமலாப நிதிக்கு நடந்ததைப் பார்த்தவர்கள் இன்னொரு நிதியத்தை அரசின் கையில் கொடுக்க எப்படிச் சம்மதிப்பார்கள்? ஆகவே நிதியத்துக்கு முன்னால் வர வேண்டியது அதைக் காக்கும் ஏற்பாடு: உறுப்பினர்களின் பிரதிநிதிகள் இருக்கும் சுதந்திரமான நிர்வாகம், அரச முறிகளில் இவ்வளவுக்கு மேல் போடக்கூடாது என்ற வரம்பு, எத்தனை வருடத்தில் எவ்வளவு கொடுக்க வேண்டிவரும் என்ற கணிப்பீட்டை வருடாவருடம் வெளியிடுதல். ஏற்கெனவே உழைத்துச் சம்பாதித்த பென்சனைத் தொடவே கூடாது.

அந்தக் கணிப்பீடு அவசரமாகத் தேவை என்பதற்கு இரண்டு காரணங்கள். யுத்தத்தின் கடைசிக் கட்டமான 2006க்கும் 2009க்கும் இடையில் முப்படைகளும் பெருமளவில் ஆள்சேர்த்தன. படைவீரர் ஒருவர் 22 வருடச் சேவையோடு ஓய்வூதியத்துக்குத் தகுதிபெறுகிறார். அப்படியானால் 2028க்கும் 2031க்கும் இடையில், நாற்பது வயதை ஒட்டிய பெரும் தொகையினர் ஒன்றாக இந்தப் பட்டியலில் சேர்வார்கள். அவர்களுக்கு இன்னும் நாற்பது வருட ஆயுள் இருக்கலாம். 2020இல் பட்டதாரிகளையும் குறைந்த வருமானக் குடும்பத்தினரையும் பல்லாயிரக்கணக்கில் அரச வேலையில் சேர்த்தபோது கொடுத்த நியமனக் கடிதங்களின் செலவு அதற்குப் பின்னால் வரும்.

இரண்டாவது காரணம் 2024ஆம் ஆண்டு 44ஆம் இலக்கப் பொது நிதி முகாமைத்துவச் சட்டம். வட்டி நீங்கலான அரச செலவு தேசிய உற்பத்தியில் 13 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று அது வரம்பு போட்டிருக்கிறது. ஓய்வூதியமும் சம்பளமும் மருந்தும் உரமானியமும் முதியோர் கொடுப்பனவும் அந்த 13க்குள் அடங்க வேண்டும். பென்சன் பட்டியல் நீளும் ஒவ்வொரு வருடமும் மற்றவற்றில் ஏதோ ஒன்று ஒதுங்க வேண்டும். வரி வருமானம் எவ்வளவு உயர்ந்தாலும் செலவுக்கு அதே கூரைதான். இனிமேல் கிண்ணியா மருந்தகத்தில் குளிசை இல்லாமல் போவதும் கொழும்பில் பென்சன் கணக்கு வீங்குவதும் ஒரே தாளில் எழுதப்படும் இரண்டு வரிகள்.

பென்சனே இல்லாதவருக்கு இப்போதுள்ள ஏற்பாடு எழுபது வயதைத் தாண்டிய வறியோருக்கான முதியோர் கொடுப்பனவு. நெடுங்காலம் 2,000 ரூபாவாக இருந்த அது 2024இல் 3,000 ஆகி, 2025 வரவு செலவுத் திட்டத்தில் 5,000 ஆனது. கொட்டியார்க்குடாவில் ஐம்பது வருடம் வலை இழுத்தவரும், அடுத்த வீட்டு ஓய்வுபெற்ற எழுதுவினைஞரும் பிரதேச செயலகத்தின் ஒரே வாங்கில்தான் காத்திருக்கிறார்கள். எழுதுவினைஞரின் கையில் கிராம உத்தியோகத்தர் உறுதிப்படுத்திய உயிர்வாழ்ச் சான்றிதழும், முரண்பாட்டுத் திருத்தத்தின் அடுத்த கட்டம் தனக்கு எப்போது வரும் என்ற கேள்வியும் இருக்கின்றன. 2016இல் அறுபது வயதில் ஓய்வுபெற்றவர் என்றால், மூன்றாம் கட்டம் முடியும்போது அவருக்கு எழுபத்தொன்று.